மெய்யும் மெய்ப்பையும்: தில்லிக் குளிரில் ஒரு கோட்டின் வரலாறு

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய முல்லைப்பாட்டில், பாசறையில் காவல் புரியும் யவனரைப் பற்றிய குறிப்பொன்று உண்டு. அவர்கள் அணிந்திருந்த தைத்த உடுப்பை அப்பாட்டு ‘மெய்ப்பை’ என்னும் சொல்லால் சுட்டுகிறது. மெய்யை இட்டு வைக்கும் பை! நெய்த துணியை நெய்தவாறே அரையில் உடுத்தித் தோளில் இட்டுக்கொண்ட மக்களின் கண்ணுக்கு, வெட்டித் தைத்த அயலார் உடை அவ்வாறு தோன்றியதில் வியப்பில்லை. அச்சொல் பிறந்து பல நூற்றாண்டுகள் கழிந்த பின்னர், தமிழ்நாட்டிலிருந்து தலைநகருக்கு வந்து சேர்ந்த நம்மவர் அதே மெய்ப்பைக்குள் தாமே புக நேர்ந்தது. புகுந்த பின், பை மெய்க்குப் பொருந்தியதா என்று பார்த்தவர் சிலர். பாராமலே அணிந்து, பிழை தம் உடம்பின் மீதே என்று எண்ணியவர் பலர். அந்தப் பலருக்காகவே இக்கட்டுரை.

வேட்டிக்கு முழக்கணக்கு உண்டேயன்றி உடம்புக்கணக்கு இல்லை. தந்தையின் எட்டு முழ வேட்டியை மகன் உடுத்தலாம். மெலிந்தவன் இரண்டு சுற்று மிகுதியாகச் சுற்றிக்கொள்ளலாம். பருத்தவன் ஒரு சுற்றுக் குறைத்துக்கொள்ளலாம். உடை அங்கே மனிதனுக்கு வளைந்து கொடுக்கிறது. கோட்டு அத்தன்மையதன்று. அதற்குத் தோள் உண்டு, மார்பு உண்டு, கழுத்து உண்டு. அந்தத் தோளும் மார்பும் நம்முடையனவா, முன்பின் அறியாத வேறொருவருடையனவா என்பதே கேள்வி.

தலைநகரும் தையற்காரரும்

1911-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள், தில்லி தர்பாரில், இந்தியாவின் தலைநகர் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றப்படும் என்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அறிவித்தார். அடுத்த ஆண்டே அரசாங்க அலுவலகங்கள் இடம் பெயரத் தொடங்கின. அவற்றோடு, கணக்கிலும் ஆங்கிலத்திலும் தேர்ந்த தென்னாட்டு எழுத்தர்களும் வந்தனர். 1923-இல் சென்னைக் கல்விச் சங்கம் தோன்றித் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பள்ளி கண்டது. 1931-இல் புதுதில்லி முறையாகத் திறந்து வைக்கப்பட்டது. 1946-இல் தில்லித் தமிழ்ச் சங்கம் பிறந்தது. கரோல்பாக்கிலும் பின்னர் இராமகிருஷ்ணபுரத்திலும் காப்பி மணமும் கோலமும் குடியேறின.

ஆனால் சென்னையிலிருந்து உடன் கொண்டுவர இயலாத ஒன்று உண்டு. அது சென்னையின் வெயில். சென்னையில் ஜனவரி இரவுகளும் பெரும்பாலும் 20 பாகை செல்சியசை ஒட்டியே நிற்கும். தில்லியிலோ அதே மாதத்தில் விடியற்காலை வெப்பம் 7 பாகை அளவுக்கு இறங்குவது வழக்கம். சில நாட்களில் அதனினும் தாழும். மல் வேட்டியும் அங்கவஸ்திரமும் இக்குளிரின் முன் தோற்றுப்போயின. கான்பூர் ‘லால் இம்லி’ ஆலையின் கம்பளியும் பஞ்சாபின் தாரிவால் ஆலைக் கம்பளியும் நம் வீட்டுப் பெட்டிகளில் இடம் பெற்றன. குளிர் ஒரு காரணம். பதவி மற்றொரு காரணம். மேலதிகாரியின் அறைக்குள் நுழைய ஒரு கோட்டு வேண்டும் என்பது அந்நாளில் எழுதப்படாத சட்டமாக இருந்தது.

ஒரு கோட்டின் கதை

என் தாய்மாமன் 1958-ஆம் ஆண்டு மார்கழியில் தில்லிக்கு வந்தார். கையில் பட்டம், பையில் சில ரூபாய், ஒரு வாரத்தில் நேர்முகத் தேர்வு. தையற்காரரிடம் துணி கொடுத்துக் காத்திருக்க நாளில்லை. எனவே ஆயத்தமாகத் தைத்துத் தொங்கவிட்டிருந்த கோட்டொன்றைக் கடையில் வாங்கினார். நம் குடும்பங்களில் தீபாவளிச் சட்டை எடுக்கும்போது, “வளர்கிற பிள்ளை, கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும்” என்று சொல்வதில்லையா? அதே அறிவுரையை இருபத்திரண்டு வயதிலும் தமக்குத் தாமே கூறிக்கொண்டார். உள்ளே கம்பளிச் சட்டை அணிய வசதியாக இருக்கும் என்ற சமாதானமும் உடன் இருந்தது.

தேர்வு நாளன்று, கோட்டின் கை அவருடைய விரல்களை மூடியது. ஒவ்வொரு விடைக்கும் முன் கையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டதாக அவரே பின்னாளில் சொல்லிச் சிரிப்பார். அந்த வேலை கிடைக்கவில்லை. கோட்டினால்தான் கிடைக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். வேறு நல்ல வேலை கிடைத்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் நிறைவாகப் பணியாற்றினார். ஆயினும், “எனக்குக் கோட்டுப் போடத் தோள் போதாது, அப்பா!” என்று அவர் வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்களும் அதை நம்பினோம்.

அவர் மறைந்த பின், தகரப் பெட்டியில் அந்தக் கோட்டைக் கண்டேன். உட்புறத் துணிச்சீட்டில் 42 என்று இருந்தது. மாமாவின் மார்பளவு 37 அங்குலத்தைத் தாண்டியதில்லை. அவருக்குத் தோள் போதாமல் இல்லை; கோட்டுக்குத்தான் தோள் மிகுதியாயிருந்தது. ஒரு துணிச்சீட்டைப் படித்துப் பார்க்காமையால், நல்ல மனிதர் ஒருவர் அறுபதாண்டுக் காலம் தம் உடம்பைக் குறை கூறிக்கொண்டார். அந்த 42 என்னும் எண் எங்கிருந்து வந்தது என்று தேடியதன் பயனே இனி வருவது.

கோட்டு வந்த வழி

மேனாட்டார் உடை என்று நாம் கருதும் சூட்டின் மூலத்திலேயே கீழ்நாட்டுச் சாயல் ஒன்று உண்டு. 1666-ஆம் ஆண்டு அக்டோபரில், இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்ல்ஸ், பிரெஞ்சு நாட்டு நவீனங்களைக் கைவிட்டு, நீண்ட உள்ளங்கி ஒன்றை அணியப் போவதாக அறிவித்தார். அதனைப் பாரசீக முறையினது என்று அக்கால நாட்குறிப்பாளர் ஜான் ஈவ்லின் குறித்துள்ளார். மேலங்கி, உள்ளங்கி, காலுடை என்னும் மூன்றுடைக் கூட்டு அதுமுதல் நிலைபெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பியூ பிரம்மல் என்பவர், பட்டும் சரிகையும் ஒதுக்கி, கருநிறக் கம்பளியில் உடம்போடு ஒட்டிய வெட்டே அழகு என்று இலண்டன் மேன்மக்களை நம்பச் செய்தார். அன்றுமுதல் ஆடவர் உடையின் சிறப்பு ஒளிரும் துணியை விட்டுப் பொருந்தும் தையலுக்கு மாறியது.

அக்காலத்துக்கு முன் தையற்காரரிடம் அங்குல நாடா இல்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஒரு நீண்ட காகிதத் துண்டை வைத்துக்கொண்டு, மார்பு இவ்வளவு, கை இவ்வளவு என்று ஓரத்தில் வெட்டுக் குறியிடுவார். அந்தத் துண்டு அந்த ஒருவருக்கே உரியது. 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்குலம் குறித்த நாடா பரவியது. இது சிறு மாற்றமாகத் தோன்றலாம். உண்மையில் பெரும் புரட்சி. காகிதத் துண்டு ஒரு மனிதனை நினைவில் வைத்தது. நாடாவோ மனிதரை எண்களாக்கி ஒருவரோடொருவர் ஒப்பிட வைத்தது.

ஒப்பிடும் கலையை அறிவியலாக்க முயன்றவர் பெல்ஜியத்தின் கணித அறிஞர் அடால்ஃப் குவெட்லே. 1835-இல் அவர் ‘சராசரி மனிதன்’ என்னும் கருத்தை வெளியிட்டார். எடின்பரோ மருத்துவ இதழொன்றில் 1817-இல் வந்திருந்த ஸ்காட்லாந்துப் போர்வீரர் ஐயாயிரவருக்கும் மேற்பட்டோரின் மார்பளவுகளை ஆராய்ந்து, அவை ஏறத்தாழ 40 அங்குலத்தைச் சூழ்ந்து குவிவதைக் காட்டினார். இன்றும் கடையில் முதலில் நம் கையில் தரப்படும் கோட்டு பெரும்பாலும் 40 தானே!

கருத்து பிறந்தது; அதற்கேற்ற கருவிகளும் வந்தன. 1849-இல் நியூயார்க்கின் புரூக்ஸ் பிரதர்ஸ் நிறுவனம் ஆயத்த சூட்டுகளை விற்கத் தொடங்கியது. 1851-இல் ஐசக் சிங்கர் தையல் இயந்திரத்துக்கு உரிமம் பெற்றார். அதே பத்தாண்டின் இறுதியில், லீட்ஸ் நகரத்து ஜான் பாரன், மரம் அறுக்கும் நாடா வாளைக் கண்டு, அடுக்கடுக்கான துணியை ஒரே வெட்டில் வெட்டும் பொறியை அமைத்தார். 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் இலட்சக்கணக்கான வீரர்களுக்குச் சீருடை தேவைப்பட்டது. அவர்களை அளந்த அளவுகளிலிருந்து, இன்ன மார்புக்கு இன்ன கை, இன்ன இடுப்பு என்னும் அட்டவணைகள் உருவாயின. 1945-இல் உலகப்போர் முடிந்து வீடு திரும்பிய பிரித்தானிய வீரர்களுக்கு அரசாங்கமே ஆளுக்கொரு ஆயத்த சூட்டு வழங்கியது. பொருந்தாத உடையில் கூச்சத்தோடு நின்ற அவ்வீரர்கள் அக்கால நகைச்சுவைக்கு நல்ல பொருளாயினர்.

ஆக, கோட்டின் உட்சீட்டில் காணும் எண்ணுக்குப் பின்னால் நிற்பவர் ஸ்காட்லாந்து வீரரும் அமெரிக்க வீரரும். கும்பகோணத்தாரும் திருநெல்வேலியாரும் அந்த வரிசையில் நின்று மார்பை அளக்கக் கொடுத்தவர் அல்லர். அவ்வுடை நம் மேல் சரியாக அமராவிட்டால் அதில் நாணுவதற்கு என்ன இருக்கிறது?

பொருத்தம் பார்க்கும் முறை

வரலாற்றை அறிந்தோம், இனிக் கடைக்குள் நுழைவோம். முதலில் எண்ணின் பொருள். 38, 40, 42 என்பன அங்குலத்தில் மார்புச் சுற்றளவு. ஐரோப்பியச் சீட்டானால் பத்துக் கூடி 48, 50, 52 என்றிருக்கும். பனியன் வாங்கும்போது 90, 95 என்று நாம் கேட்பது சென்டிமீட்டரில் அதே மார்பளவுதான். 95 பனியன் அணிபவருக்கு ஏறத்தாழ 37 அங்குலம் மார்பு. அவர் 38 எண்ணுள்ள கோட்டிலிருந்து தொடங்கலாம். அணிந்து பார்க்கும்போது, அலுவலகத்துக்கு அணியும் முழுக்கைச் சட்டையையும், குளிர்காலத்தில் உள்ளே போடும் கம்பளிச் சட்டையையும் அணிந்தே பார்க்க வேண்டும். குளிருக்காக ஓர் எண்ணைக் கூட்டுவது வேறு. குளிருக்கு அணிவதை அணிந்து பார்த்து எண்ணைத் தேர்வது வேறு. என் மாமா தவறியது அவ்விடத்தில்தான்.

முதற்சோதனை தோள். கோட்டின் தோளும் கையும் சேரும் மூட்டுத் தையல், நம் தோளெலும்பு முடியும் இடத்தில் முடிய வேண்டும். உள்ளிருக்கும் பஞ்சுப்பட்டை நம் கண்ணை ஏமாற்றும். ஆதலின் ஒரு சுவரின் ஓரம் பக்கவாட்டில் நின்று, மெல்லச் சுவரை நோக்கிச் சாயுங்கள். உங்கள் புயத்துக்கு முன்னே கோட்டின் பஞ்சுப்பட்டை சுவரில் முட்டி மடங்குமானால் கோட்டுப் பெரிது. மூட்டுக்குக் கீழே கையின் மேற்புறத்தில் பள்ளம் விழுமானாலும் பெரிது. தோளெலும்பு துணியை உந்திக்கொண்டு புடைக்குமானால் சிறிது.

இரண்டாவது கழுத்து. கோட்டின் காலர் சட்டைக் காலரைத் தழுவி நிற்க வேண்டும். பின்னால் விரல் நுழையும் இடைவெளி தென்படலாகாது. காலருக்குக் கீழே முதுகில் குறுக்காக ஒரு மடிப்புத் திரளுமானால், அக்கோட்டு சற்றுக் கூனி நிற்கும் வேறொருவருக்கோ, சரிந்த தோளுடைய வேறொருவருக்கோ வெட்டப்பட்டது என்று அறிக.

மூன்றாவது மார்பும் இடுப்பும். இரு பொத்தான் கோட்டாயின் மேற்பொத்தானை மட்டும் பூட்டுங்கள், கீழ்ப்பொத்தான் பூட்டுவதற்கன்று. பொத்தானைச் சுற்றிப் பெருக்கற்குறி போலச் சுருக்கங்கள் இழுக்குமானால் கோட்டு இறுக்கம். மார்மடிப்பு வில்லைப் போல் வளைந்து வெளியே பிதுங்குமானாலும் இறுக்கமே. பூட்டிய கோட்டுக்கும் வயிற்றுக்கும் இடையே உள்ளங்கை எளிதாக நுழையலாம். மூடிய முட்டி முழுதும் நுழையுமானால் அது தொளதொளப்பு. பின்பிளவு விரிந்து வாய் திறந்து நிற்கலாகாது.

நான்காவது நீளம். கைகளைத் தொங்கவிட்டால், சட்டையின் மணிக்கட்டுப் பட்டை அரை அங்குலம் அளவு வெளியே தெரிய வேண்டும். கோட்டின் கீழ்விளிம்பு பின்பாகத்தை மூட வேண்டும். அதற்கு மேல் இறங்கினால் நெட்டைக்குத் தைத்ததைக் குட்டை அணிந்ததாகும். கால்சட்டையின் விளிம்பு காலணியின் மேல் இலேசாகத் தொட்டு, ஒரு சிறு மடிப்போடு நின்றால் போதும்.

இவை நின்று பார்ப்பவை. நாற்காலியில் அமர்ந்தும், கையை நீட்டிக் கைகுலுக்கியும் பாருங்கள். கைகுலுக்கும்போது கோட்டு முழுவதும் மேலே ஏறுமானால், அக்குள் வெட்டு மிகத் தாழ்ந்திருக்கிறது. உடை என்பது கண்ணாடி முன் நிற்பதற்கு மட்டும் ஏற்பட்டதன்று.

திருத்தக் கூடியதும் கூடாததும்

பொருத்தம் பார்ப்பதின் உயிர்நிலை இவ்விடத்தில்தான் உள்ளது. தொங்கவிட்ட கோட்டு எவருக்கும் முழுதும் பொருந்தாது; ஆதலின், பொருந்தாததில் எது திருந்தும், எது திருந்தாது என்று அறிவதே அறிவு. கையின் நீளத்தைக் குறைக்கலாம். கையில் திறக்கும் பொத்தான் துளை மட்டும் வெட்டப்படாதிருக்க வேண்டும். இடுப்பைப் பிடிக்கலாம், உள்ளே துணி விட்டிருந்தால் சிறிது தளர்த்தவும் ஆகும். கால்சட்டையின் நீளமும் இடுப்பும் எளிய வேலை. நம் காலனிக் கடைத்தெருவில் இயந்திரத்தோடு அமர்ந்திருக்கும் தையற்காரரே இவற்றைச் செய்து தருவார். தோளைக் குறைப்பதோ, கோட்டை முழுதும் பிரித்து மீளத் தைப்பதற்கு ஒப்பான வேலை; வாங்கிய விலைக்கு அது தகாது. கோட்டின் முழுநீளத்தைக் குறைத்தால் பைகள் இடம் மாறித் தெரியும். எனவே தோளைப் பார்த்து வாங்குக. மற்றதைத் தையற்காரரிடம் விடுக.

நம்மவருக்கே உரிய இடர் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆயத்த சூட்டில் மார்புக்கும் இடுப்புக்கும் பெரும்பாலும் 6 அங்குல வேறுபாடு வைத்திருப்பர். 40 கோட்டோடு 34 கால்சட்டை வரும். தயிர்சாதமும் நாற்காலி உத்தியோகமும் சேர்ந்த ஐம்பது வயதில், மார்பும் இடுப்பும் ஒரே எண்ணுக்கு வந்துவிடுவதுண்டு. அத்தகையோர் இடுப்புக்காகக் கோட்டைப் பெரிதாக வாங்கித் தோளை இழக்க வேண்டா. கோட்டையும் கால்சட்டையையும் தனித்தனி எண்ணில் தரும் கடையை நாடலாம். அல்லது தையற்காரரிடமே அளவு கொடுக்கலாம்.

உடையை வென்றவர்கள்

அளவறிந்து அணிந்தவரையும், அணியாமலே உயர்ந்தவரையும் நம் வரலாறு கண்டிருக்கிறது. 1888-இல் இலண்டன் சென்ற காந்தியடிகள், பம்பாயில் தைத்துக்கொண்ட உடை அந்நாட்டுக்கு ஒவ்வாதெனக் கருதிப் புதியன வாங்கியதையும், பாண்டு தெருவில் பத்துப் பவுனுக்கு மாலைநேர சூட்டுத் தைத்ததையும் தம் சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதியுள்ளார். அவரே 1921 செப்டம்பர் 22-இல், நம் மதுரையில், அரையாடைக்கு மாறினார். 1930-இல் நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. இராமன், மேனாட்டுக் கோட்டின் மேல் தம் தலைப்பாகையை விடாது அணிந்தார். 1948 முதல் 1950 வரை இதே தில்லியில் கவர்னர் ஜெனரலாக வீற்றிருந்த இராஜாஜி வேட்டியும் துண்டுமாகவே இருந்தார். இவர்களுள் எவரும் உடை தம்மை அளக்க விடவில்லை. தாமே உடையை அளந்து, வேண்டியதைக் கொண்டு, வேண்டாததை விட்டனர்.

அண்மை ஆண்டுகளில் ஒரு நற்செய்தி உண்டு. நம் நாட்டு ஆயத்த உடைகள் நெடுங்காலம் பிரித்தானிய, அமெரிக்க அட்டவணைகளையே தழுவி வந்தன. இக்குறையைப் போக்க, 1986-இல் தில்லியில் தொடங்கப்பெற்ற தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனம், மத்திய ஜவுளி அமைச்சகத்தின் ஆதரவோடு ‘இந்தியாசைஸ்’ என்னும் திட்டத்தை மேற்கொண்டது. 15 முதல் 65 வயது வரையுள்ள 25,000-க்கும் மேற்பட்ட இந்தியரை, முப்பரிமாண ஒளிக்கருவியால், உடம்பைத் தொடாமலே அளப்பது அதன் நோக்கம். அளவெடுக்கத் தேர்ந்த ஆறு நகரங்களுள் தில்லியும் ஒன்று. ஸ்காட்லாந்து வீரர் அளக்கப்பட்டு இருநூறு ஆண்டுகள் கழிந்த பின், நாடாவின் முன் நமது முறையும் வந்தது.

சென்ற குளிர்காலத்தில் என் மகனுக்கு முதல் சூட்டு வாங்கச் சென்றேன். “கொஞ்சம் பெரிதாகவே எடுக்கலாமா?” என்று என் நாவின் நுனிவரை வந்தது, அடக்கிக்கொண்டேன். அவனைச் சுவரோரம் சாய்ந்து நிற்கச் சொன்னேன். கடைக்காரர் சிரித்தார், மகன் நாணினான். மூன்றாவது கோட்டில் தோள் சரியாக அமர்ந்தது. கை மட்டும் ஓர் அங்குலம் மிகுதி. அதனை நம் காலனித் தையற்காரர் ஒரு மாலைப்பொழுதில் சரிசெய்தார். தேர்வுக்குப் புறப்பட்டபோது அவன் கையை ஒருமுறையும் இழுத்துவிட்டுக்கொள்ளவில்லை.

மாமாவின் பழைய கோட்டு இன்னும் பெட்டியில் இருக்கிறது. அதைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. அதன் துணிச்சீட்டுக்கு அருகே ஒரு சிறு காகிதத்தில், ‘இக்கோட்டை அணிந்தவரின் தோளில் குறையில்லை’ என்று எழுதிக் குத்தி வைத்திருக்கிறேன்.